பிள்ளைக்குப் பெயர் வைக்குமுன் ரூமியில் (மலாய் எழுதும் ஆங்கில எழுத்தில்) எழுதிப் பாருங்கள்

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. பழைய பெயர் மலாயில் ஒரு மாதிரியாகத் தொனிக்கிறது என்று 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கிவிட்டார்கள், நாங்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். ஊருக்கு இரண்டு பெயர் இருந்தால் ஒன்றும் குடி முழுகாது. பிள்ளைக்கு அப்படி முடியாது, ஐசியில், அதாவது அடையாள அட்டையில், ஒன்றுதான்.

அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, பெயர் தேடியே ஐம்பது நாள் ஓடிப்போனது. தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிய 60 நாள்தான் அவகாசம், அதைத் தாண்டினால் தாமதப் பதிவு, கூடுதல் பத்திரம், அலைச்சல். இதற்கிடையில் எண்கணிதக்காரர் ஒருவர் இரண்டு 'ஏ', இரண்டு 'என்' சேர்த்தால் யோகம் என்றார். யோகம் வருகிறதோ இல்லையோ, பள்ளி, வங்கி, பாஸ்போர்ட் என்று போகிற இடமெல்லாம் அந்தப் பிள்ளைதான் "இரண்டு ஏ, இரண்டு என்" என்று சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

பெயர் புதுமையாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தமிழில் அழகாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டு, ரூமியில் அது என்னவாகிறது என்று பார்க்காமல் விடுகிறோமே, அதுதான் பெரிய தவறு. மதி என்ற பெயரில் 'எச்' விடுபட்டால் மலாயில் 'மாத்தி', அதாவது சாவு. மதுவை 'எச்' இல்லாமல் எழுதினால் தேன், சரிதான், ஆனால் அதே சொல்லுக்குச் சக்களத்தி என்றும் அர்த்தம் உண்டு! யாழினியின் ழகரத்துக்கு 'இசட் எச்' போட்டால் மலாய் ஆசிரியர் 'யாஸ்ஹினி' என்று கூப்பிடுவார். பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மாவிடம்) காகிதத்தில் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், அரை நிமிட வேலை.

அப்புறம் விதி. பொருத்தமில்லாத பெயரை அப்படியே பதியாமல் நிறுத்த பதிவுத் துறைக்கு இடம் உண்டு. 2006-இல் வெளியான பட்டியலைப் பற்றிய செய்திகளில் விலங்கு, பழம், காய்கறிப் பெயர்கள், ஹிட்லர், 007 எல்லாம் இருந்தன, சரி. கூடவே கருப்புசாமியும் இருந்தது. தோட்டத்து எல்லையில் அரிவாளோடு நின்று நம் தாத்தாக்களைக் காத்த சாமி! அதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்பா பெயரையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) காதில் விழுந்ததை எழுதியதால் எங்கள் தாத்தா முனியாண்டி, அப்பாவின் சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரத்தில்) 'ஒய்'யில் முடிகிறார், சித்தப்பாவுடையதில் 'ஐ'யில். தாத்தா நிலத்தைப் பெயர் மாற்றப் போனபோது இருவரும் ஒரே அப்பா பிள்ளைகள்தான் என்று நிரூபிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்பாவின் ஐசியில் இருக்கிறபடியே, எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.

57-ஆம் நாள் போனோம். இளமதி என்று முடிவாகியிருந்தது. கவுண்டருக்குப் போகுமுன் பாரத்தை வாங்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை 'எச்' போட மறந்திருந்தார்.