ஹைப்ரிட் சொகுசு எஸ்யூவி: பெட்ரோல் மிச்சத்தை நம்பி 70 லட்சம் போடாதீர்கள்

போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். சொந்த பனியன் கம்பெனி, முப்பது வயது இருக்கும். கையில் ஒரு தாள், அதில் பெட்ரோல் கார் ஒன்று, ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் உள்ளது) ஒன்று, இரண்டு விலை, வருஷத்துக்கு எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2022-இல் இதே தாளை நானும் எழுதினேன். கோவையில் பழைய கார் வாங்கி விற்பது என் தொழில், இருந்தும் தவறினேன். இஎம்ஐ, இன்ஷூரன்ஸ் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

ஊருக்குள் கிடைக்கும் மைலேஜை ஹைவேக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவது

"பெட்ரோல் வண்டி 9 குடுக்குதுங்ணா, ஹைப்ரிட் 17. வருஷம் 18,000 கிலோமீட்டர் ஓட்டுறேன், 94,000 ரூபா மிச்சம். விலை வித்தியாசம் 6 லட்சந்தான், ஆறரை வருஷத்துல எடுத்தர்லாம்" என்றார். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் கணக்கு சரிதான். அந்த 18,000 எங்கே ஓடுகிறது என்று கேட்டேன். மாதம் இரண்டு தடவை பெங்களூரு போய் வருகிறார், அதிலேயே 14,000 போய்விடுகிறது.

ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது மோட்டாரிலேயே கொஞ்ச தூரம் போகக்கூடிய ரகம், மிச்சப்படுத்துவது எப்படி என்று தெரிந்தால் இந்தத் தவறு வராது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகத்தை மோட்டார் மின்சாரமாக்கி பேட்டரியில் போடுகிறது, அடுத்து மெதுவாக நகரும்போது இன்ஜினை எழுப்பாமல் அதையே செலவழிக்கிறது. நின்று நின்று போகிற சாலையில் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் சங்ககிரி தாண்டி 100-இல் ஒரே சீராகப் போகும்போது பிரேக்கே பிடிப்பதில்லை, சேமிக்க என்ன இருக்கிறது? இன்ஜின்தான் இழுக்கிறது. பேட்டரியும் சின்னது, ஒன்றிரண்டு யூனிட் மின்சாரம்தான் பிடிக்கும், வீட்டு ஏசி ஒரு மணி நேரம் ஓடுகிற அளவு. பெங்களூரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் நீங்களே பார்க்கலாம்: பாதி இறங்குவதற்குள் திரையில் பேட்டரி கோடு நிறைந்துவிடும், அதற்கு மேல் வண்டியைப் பிடித்து நிறுத்த இன்ஜின் உறுமும், மீதி இறக்கம் முழுக்க ஒரு பைசா சேராது.

அவர் தாளின் பின்பக்கத்திலேயே திருப்பிப் போட்டோம். ஹைவே 14,000-க்கு பெட்ரோல் வண்டி 13, ஹைப்ரிட் 15 என்று வைத்தால் மிச்சம் 144 லிட்டர். ஊருக்குள் 4,000-க்கு 9, 17 என்றால் 209 லிட்டர். மொத்தம் 353 லிட்டர், வருஷத்துக்கு 35,000 ரூபாய். விலை வித்தியாசமும் 6 லட்சம் இல்லை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம், அந்த 6 லட்சத்துக்கும் அது உண்டு, ஆக 7 லட்சத்து 20 ஆயிரம். இருபது வருஷம் ஓட்டினால் கைக்கு வரும்.

நான் வாங்கியபோது ஷோரூம்காரர் சாயங்கால டிராஃபிக்கில் லட்சுமி மில்ஸ் பக்கம் ஓட்டவிட்டார், திரையில் 19 காட்டியது. வாங்கிய வாரமே சென்னைக்குக் கிளம்பினேன், உளுந்தூர்பேட்டையில் பங்க்கில் நிறுத்திப் பார்த்தால் 14. போன் செய்தேன். "சிட்டியில பாருங்க சார்" என்றார். என் ஓட்டம் எங்கே என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த பங்க்கைத் தாண்டும்போது கோபம் வருகிறது.

அப்போ யாருக்குத்தான் இந்த விலை தகும்? எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் சென்னையில் தினமும் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்குகிறார், ஒவ்வொரு சிக்னலிலும் இன்ஜின் அணைந்து ஏசி மட்டும் ஓடும், சத்தமில்லை, அதிர்வு இல்லை. அந்த நிம்மதிக்காகவே வாங்கினார். பெட்ரோல் மிச்சம் அவருக்கு உபரி. அவருக்கு நான் தயங்காமல் வாங்கச் சொன்னேன்.

பெயரில் மட்டும் ஹைப்ரிட்

மெர்சிடிஸ் ஜிஎல்சி, வோல்வோ எக்ஸ்சி60 இரண்டிலும் இருப்பது 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட். இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான், மோட்டாரை மட்டும் வைத்து வண்டி ஓடாது. லெக்சஸ் என்எக்ஸ் 350எச் ஸ்ட்ராங் ஹைப்ரிட், மோட்டாரிலேயே கொஞ்ச தூரம் போகும். மூன்றாவது ரகம் பிளக்-இன், வெளியே பிளக்கில் செருகி சார்ஜ் போடுவது. வீட்டில் சார்ஜ் போட வசதியில்லாத அபார்ட்மெண்ட்காரர் அதை வாங்கினால் பேட்டரியைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியதுதான். மூன்றுக்கும் விற்பவர் சொல்லும் பெயர் ஒன்றே. வண்டி கொஞ்சம் ஓடிச் சூடானதும் பார்க்கிங்கில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதியுங்கள். ஸ்ட்ராங் என்றால் இன்ஜின் சத்தமே இல்லாமல் நகரும்.

பழைய வரிக்கணக்கு

"ஹைப்ரிட்டுக்கு வரி கம்மி" என்று இன்னும் சொல்கிறார்கள். முன்பு பெரிய ஹைப்ரிட்டுக்கு ஜிஎஸ்டியும் அதன் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 43 சதவீதம், ஹைப்ரிட் இல்லாத பெரிய எஸ்யூவிக்கு 50. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் ஒரே 40தான். மின்சாரக் காருக்கு 5. அதற்கு முன் வந்த ஒப்பீட்டு வீடியோக்களின் விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அப்புறம், பில்லில் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வாங்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அது செலவில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

பத்து நிமிட டெஸ்ட் டிரைவ்

போதாது. நீங்கள் தினமும் போகும் வழியில், உங்கள் குடும்பத்தோடு, ஒரு மணி நேரம். தரமாட்டோம் என்றால் கிளம்பிவிடுங்கள்.

பின் சீட்டின் கீழே பையை அடைப்பது

பல ஹைப்ரிட்களில் பின் சீட்டுக்குக் கீழே ஒரு கம்பிவலை மாதிரித் துளை இருக்கும். பேட்டரிக்குக் குளிர்ந்த காற்று போகும் வழி அது. பழைய வண்டி விலை பேசும்போது நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான். ஒரு வண்டியில் நாய் முடியும் பஞ்சும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருந்தது. அங்கே சூடேறினால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பது

மோட்டாரை ஓட்டும் ஹைப்ரிட் பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால் வண்டி எழாது. ஊருக்குப் போகும்போது சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுங்கள், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்கட்டும்.