மலையக வீடுகளில் ஈசல் தொல்லை: விளக்கை அணைப்பது முதல் விறகை நகர்த்துவது வரை

மார்ச், ஏப்ரலிலும் மறுபடி ஒக்டோபர், நவம்பரிலும் இலங்கை மலையகத்தில் பிற்பகல் இடிமழை பெய்து ஓய்ந்தால், அந்தி மங்கும் நேரத்தில் ஈசல் கிளம்பிவிடும். இஸ்தோப்பு (முன் விறாந்தை) விளக்கைச் சுற்றிப் பறக்கும், சோற்றுத் தட்டில் விழும். உடனே பூச்சி மருந்து டப்பாவைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். அது வீண் செலவு. பறந்து வந்தவற்றில் பெரும்பாலானவை விடிவதற்குள் தாமாகவே செத்துவிடும். நாம் கண்டுபிடிக்க வேண்டியது அவை புறப்பட்ட இடத்தை.

முதலில் வெளிச்சத்தை மாற்றுங்கள். வீட்டுக்குள் எரியும் விளக்குகளை அணைத்து, கதவு, சன்னல்களைச் சாத்துங்கள். முற்றத்தில், வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரே ஒரு வெள்ளை மின்குமிழை எரியவிட்டு, அதன் கீழே அகன்ற பேசினில் தண்ணீர் வையுங்கள். தண்ணீரில் ஒரு கரண்டி சவர்க்காரத் தூளைக் கரைத்துவிட்டால் விழுந்த ஈசல் மேலே மிதக்காமல் மூழ்கிவிடும். மின்கம்பியும் குமிழும் தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பறப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இஸ்தோப்பில் மஞ்சள் நிற மின்குமிழ் போட்டுவிட்டால் அடுத்த முறை கூட்டம் குறையும்.

காலையில் பெருக்கும்போது தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உதிர்ந்த இறகெல்லாம் விளக்குமாற்றுக்கு முன்னால் பறந்து அலுமாரிக்கு அடியில் போய்ச் சேரும். மருந்து அடிக்காத ஈசலைக் கோழிக்குப் போடலாம். மருந்து அடித்ததை மண்ணில் புதைத்துவிடுங்கள்.

பெருக்குவதற்கு முன் ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கை போல மடங்கி, முன்னிறகு பெரிதாகவும் பின்னிறகு சிறிதாகவும் இருந்தால் அது சிறகு முளைத்த எறும்பு. இடுப்பே இல்லாத தடித்த உடல், நேரான உணர்கொம்பு, ஒரே அளவில் நான்கு நீண்ட இறகுகள் என்றால் அதுதான் ஈசல், அதாவது சிறகு முளைத்த கறையான். விரல் பட்டாலே இறகு கழன்று விழும். கழன்ற பிறகு பெண் முன்னே நடக்க, ஆண் அதன் வாலை ஒட்டியபடி பின்னே போகும். இரண்டும் சேர்ந்து மண்ணிலோ மரத்திலோ ஒரு விரிசலைத் தேடுகின்றன. புதிய புற்று இந்த இணைகளிலிருந்துதான் தொடங்குகிறது.

எறும்பு என்றால் வேலை எளிது. இரண்டு கப் வெந்நீரில் அரைக் கப் சீனியும் ஒரு தேக்கரண்டி போரிக் அமிலமும் கரைத்து, பஞ்சில் நனைத்து எறும்பு போகும் வழியில் வையுங்கள். தின்னும் எறும்புகளை விரட்டாதீர்கள். அவை கூட்டுக்குக் கொண்டுபோனால்தான் பலன். ஓரிரு வாரம் பிடிக்கும். குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடமாக இருக்க வேண்டும்.

ஈசல் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: வெளியிலிருந்து வந்ததா, வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியதா? விளக்கடியில் மட்டும் இறகு கிடந்தால் கவலை வேண்டாம். மூடிக் கிடந்த அறையில், கதவு நிலையின் அடியிலோ சீலிங் பலகைக்கு நேர் கீழோ குவிந்து கிடந்தால் கறையான் உள்ளேதான் இருக்கிறது. பக்கத்தில் ரவை போன்ற சிறு மணிகள் உதிர்ந்திருந்தால் அது காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் இனம். சுவரில் மண் குழாய் ஓடினால் நிலத்திலிருந்து ஏறும் இனம். குழாயில் ஓரங்குலம் உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி பூசப்பட்டிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. பூசப்படாவிட்டாலும் வேறு வழியாக ஏறுகிறதா என்று சுற்றிப் பாருங்கள்.

இனி வீட்டின் பின்பக்கம் போகலாம். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளிலும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலும் தொல்லை தொடங்குவது அங்கேதான். மண்மேடு சரிந்து சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும், பீலி (கூரைத் தண்ணீர் ஓடும் தகரம்) ஒழுகும், கான் (வடிகால்) அடைத்திருக்கும். இவற்றுக்கு நடுவே கவ்வாத்து மலையிலிருந்து கொண்டுவந்த மிலாறு (வெட்டிக் கழித்த தேயிலைக் கிளைகள்) சுவரில் சாய்த்து அடுக்கியிருக்கும். ஈரமும் மரமும் மண்ணும் ஒரே இடத்தில் கிடைத்தால் கறையானுக்கு வேறென்ன வேண்டும்? சரிந்த மண்ணை வெட்டி அகற்றி, சுவரின் அடி கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். பீலியைச் சரிசெய்து கானைத் துப்புரவாக்குங்கள். விறகைக் கல்லின் மேலோ இரும்புச் சட்டத்தின் மேலோ, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். பழைய விறகை முதலில் எரியுங்கள். தரையில் கிடக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் இதே விதிதான்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது பட்டவற்றை மட்டும் கொல்லும். அடுப்புக்கு அருகில் அது ஆபத்தும்கூட. சோடாப் போத்தலில் மிச்சம் வைத்திருக்கும் தோட்டத்து மருந்தை வீட்டுக்குள் தெளிப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள். 10க்கு 12 அடி காம்பராவில் (லய அறையில்) உண்டு உறங்கும் பிள்ளைகள்தான் அதைச் சுவாசிப்பார்கள். அரித்த கதவு நிலையைக் கழற்றி மாற்றுங்கள். நிலத்திலிருந்து ஏறுவதை நிறுத்தச் சுவரடியில் துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும். அதைப் பயிற்சி பெற்ற கறையான் ஒழிப்பாளரிடம் விட்டுவிடுங்கள். லயமென்றால் ஒரு காம்பராவுக்கு மட்டும் செய்து பயனில்லை. சுவரும் கூரைமரமும் பொது என்பதால் பக்கத்துக் காம்பராவிலிருந்து திரும்பி வந்துவிடும். வரிசையில் உள்ள எல்லா வீட்டாரும் சேர்ந்து தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் முறையிட்டு, ஒரே நாளில் செய்விப்பதே சரி.