நல்ல நடத்தைக்கு ஒரு திட்டம்: பள்ளிகள் சறுக்கும் இடங்கள்

ஜூனில் பள்ளி திறந்ததும் சுவரில் ஒரு பட்டியல் ஏறிவிடும். ஓடாதே, கத்தாதே, கிறுக்காதே, தாமதமாக வராதே. கடலூரிலும் புதுச்சேரியிலும் நான் பார்த்தவை பெரும்பாலும் இப்படித்தான். இருபது 'கூடாது'களைப் படித்த பிறகும், என்ன செய்ய வேண்டும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாது.

ஒரேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த முறை ஒன்று இன்று ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பள்ளிகளில் நடைமுறையில் இருக்கிறது. பள்ளி முழுவதற்கும் மூன்றிலிருந்து ஐந்து எதிர்பார்ப்புகள் போதும். அவையும் 'இப்படிச் செய்' என்று இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் பள்ளிகளுக்கும் இது அப்படியே பொருந்தும். ஆனால் பட்டியலைச் சுருக்கினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. பிள்ளைகளுக்குத் திட்டம் போடும் முன் பெரியவர்கள் ஒரே பேச்சில் நிற்க வேண்டும். பல திட்டங்கள் கவிழ்வது இங்கேதான்.

தலைமையாசிரியரும் பி.இ.டி. ஆசிரியரும் அறைக்குள் உட்கார்ந்து முடிவெடுத்து, சுற்றறிக்கையில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். அப்புறம் என்ன ஆகும்? கணக்கு சார் வகுப்பில் கை தூக்கித்தான் பேச வேண்டும். அடுத்த வகுப்பில் யார் சத்தமாகக் கத்துகிறார்களோ அவர்களுக்கே பதில் கிடைக்கும். பிள்ளைகள் விதியைக் கற்பதில்லை, எந்த ஆசிரியரிடம் எது செல்லும் என்பதைத்தான் கற்கிறார்கள். திட்டம் பேசும் கூட்டத்தில் எல்லா ஆசிரியர்களும் இருக்கட்டும். சத்துணவு அமைப்பாளரும் தூய்மைப் பணியாளரும்கூட இருக்கட்டும். வகுப்பறைக்கு வெளியே நடப்பதை அவர்களைவிட அதிகம் பார்ப்பவர் யாரும் இல்லை.

இன்னொரு பழக்கத்தை உடனே விட வேண்டும். ஆசிரியர் இல்லாதபோது பேசியவர்கள் பெயரை லீடர் கரும்பலகையில் எழுதி வைப்பது. லீடரின் நண்பன் பெயர் ஒருநாளும் அதில் வராது. சண்டை போட்டவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி ஏறிக்கொண்டே போகும். ஒரு பிள்ளையின் கையில் தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, வகுப்பில் ஒற்றுமை இல்லையே என்று வருந்துவதில் பொருள் இல்லை.

விதியைச் சொன்னாலே கற்றுக்கொடுத்துவிட்டதாக நினைப்பதும் தவறு. 'வரிசையில் நில்' என்பதை, தட்டு கழுவும் குழாயடிக்கே பிள்ளைகளை அழைத்துப்போய்ச் செய்து காட்ட வேண்டும். எங்கே நிற்பது, மிச்சச் சோற்றை எதில் கொட்டுவது, கழுவிய பிறகு எந்தப் பக்கம் போவது எல்லாம் அங்கேதான் புரியும். அங்கே போனால் நமக்கும் ஒன்று தெரியவரும். நான்கு குழாயில் இரண்டில்தான் தண்ணீர் வருகிறது என்றால், தள்ளுமுள்ளுக்குக் காரணம் பிள்ளைகளின் குணம் அல்ல. இதற்காகத்தான் பதிவு வேண்டும் என்கிறேன். எந்த இடம், எந்த நேரம், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதினால் போதும். மாதக் கடைசியில் புரட்டினால், தண்டனை தேவையா, பிளம்பர் தேவையா என்பது தெரிந்துவிடும்.

தாமதமாக வருபவர்களை வாசலில் நிறுத்தும் முன்பும் காரணம் கேளுங்கள். நெல்லிக்குப்பம் பக்கமிருந்து வரும் டவுன் பஸ்ஸை விட்டவனும், அம்மா மீன் விற்கப் போய்விட்டதால் தம்பியைக் கிளப்பிவிட்டு ஓடிவரும் தேவனாம்பட்டினத்துப் பெண்ணும் சோம்பேறிகள் அல்ல. அவர்களை வெயிலில் நிறுத்தினால் முதல் பாடமும் போய்விடும். கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை நோகடிப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது.

பாராட்டிலும் சறுக்கல் உண்டு. ஆண்டு விழாவில் 'சிறந்த மாணவர்' பரிசு முதல் மதிப்பெண் எடுப்பவருக்கே போகிறது. கடைசி பெஞ்சுப் பையன் இன்று புதிதாக வந்த பிள்ளைக்கு இடம் கொடுத்து உட்காரவைத்தால், அதை அப்போதே, அவன் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். 'குட் பாய்' என்று பொதுவாகச் சொன்னால் எதற்காக என்று அவனுக்குப் புரியாது. கொடுத்த நட்சத்திரத்தைக் கோபத்தில் பிடுங்குவதும் வேண்டாம்.

பெற்றோரைப் புகார் சொல்ல மட்டுமே கூப்பிடுவதால் பள்ளியிலிருந்து போன் வந்தாலே வீட்டில் அடி விழுகிறது. அதே கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவின் கூட்டத்தில் கட்டட வேலையோடு இந்த நடத்தைத் திட்டத்தையும் பேசலாம்.

இவ்வளவு செய்தும் மாறாத சில பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு அதே விதியை இன்னும் உரக்கச் சொல்வதில் பயனில்லை. நம்பிக்கையான ஓர் ஆசிரியர் தினமும் காலையில் இரண்டு நிமிடம் பேசுவது பலருக்கு உதவும். வீட்டில் அடியோ குடியோ இருப்பது தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம்.

நம் கடற்கரையில் நவம்பர், டிசம்பர் மழை விடுமுறைகளில் பழகியதெல்லாம் கலைந்துபோகும். அதனால் பொங்கல் முடிந்து பள்ளி திறக்கும் வாரத்திலும் குழாயடிப் பாடத்தை மறுபடி நடத்த, இப்போதே நாட்காட்டியில் இடம் ஒதுக்கிவிடுங்கள்.