நானோ டி3, நானோ மஞ்சள், லைப்போசோமல் சி: வாங்கும் முன், குடிக்கும் முன்

ஈரோட்டில் மெடிக்கல் கடை நடத்துகிற பார்மசிஸ்ட் நான். கொரோனாவுக்குப் பிறகு, "எதிர்ப்புச் சக்திக்கு நானோ ஏதாச்சும் இருந்தா குடுங்கக்கா" என்று கேட்பவர்கள் குறையவே இல்லை. அவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: நானோ என்பது வண்டி, சரக்கு இல்லை. வைட்டமினையோ, மஞ்சளில் உள்ள சத்தான குர்குமினையோ கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக்கி, தண்ணீரோடு கலக்கவைத்து, குடல் வழியாகக் கூடுதலாக உள்ளே போகச் செய்கிற வேலை அது. உடம்பில் எது குறைச்சலோ அது உள்ளே போனால் பலன் தெரியும். குறையாததை எந்த வடிவில் குடித்தாலும் காசுதான் குறையும்.

எனவே முதல் வேலை ரத்தப் பரிசோதனை. வைட்டமின் டி-க்கு '25 ஹைட்ராக்சி' என்று லேபில் கேளுங்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். 25 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த கட்டுரை ஒன்று, டி எடுத்தவர்களுக்குச் சளி, மூச்சுத்தொற்று கொஞ்சம் குறைந்ததாகச் சொன்னது. அதிகப் பலன் கிடைத்தது கடும் குறைபாடு இருந்தவர்களுக்கு. அதுவும் தினமோ வாரமோ எடுத்தபோது. பிறகு இன்னும் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் அந்தப் பலனும் மெலிந்துபோனது. டாக்டர் எழுதித் தந்தால் வாங்குங்கள், விளம்பரம் பார்த்து வேண்டாம்.

இப்போது நானோ வைட்டமின் டி3 திரவமான 'சிக்ஸ்டி கே ஷாட்'. 5 மி.லி. குப்பி, உள்ளே 60,000 யூனிட். நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 யூனிட் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். அப்படியானால் அந்தச் சின்னக் குப்பியில் இருப்பது 100 நாள் தேவை. வழக்கமாக வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதுவார்கள். பிறகு மறுபடி டெஸ்ட். நான்கு குப்பி உள்ள டப்பாவை வாங்கிப்போய் நாலே நாளில் குடித்து முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இனிப்பாக வேறு இருக்கிறதே! அதனால் டப்பா மேலேயே மார்க்கரில் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதித் தருவேன். வீட்டில் நீங்களும் எழுதிவையுங்கள். டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்: அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், முற்றினால் சிறுநீரகம் கெடும். நீங்கள் போடுகிற கால்சியம் மாத்திரையிலும் மல்டிவைட்டமினிலும் டி இருக்கிறதா என்று பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சாதாரண டி கேப்சூலை எண்ணெய், நெய் உள்ள சாப்பாட்டோடு போட வேண்டும், இல்லாவிட்டால் சரியாக உறிஞ்சாது. நானோ ஷாட்டுக்கு அந்தக் கட்டாயம் குறைவு. கொழுப்பு செரிக்காத கோளாறு உள்ளவர்களுக்கு இது நிஜமான உதவி. மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேப்சூல் போட்டாலே போதும். குழந்தைக்குச் சொட்டு மருந்து வாங்கினால் ஒரு மில்லியில் 400 யூனிட்டா 800-ஆ என்று பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய பாட்டிலின் டிராப்பரைப் புதியதில் போட்டு அளக்காதீர்கள்.

மஞ்சளுக்கு வருவோம். எங்கள் ஊர் மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஞ்சள் என்றால் இங்கே யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் ரசத்தில் போடும் மஞ்சளும் நானோ குர்குமினும் ஒன்றல்ல. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். அந்தத் தடையை நீக்கத்தான் நானோ. தடை போனால் ஆபத்துக்கும் வழி திறக்கும். இத்தாலியில் 2019-ல் மஞ்சள் கேப்சூல் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் வீங்கியது. அமெரிக்காவிலும் அப்படிப் பதிவாகியிருக்கிறது, பல கேப்சூல்களில் மிளகுச் சாறான பைபரின் சேர்ந்திருந்தது. ஆகவே நானோவும் பைபரினும் சேர்ந்த அட்டையைக் கீழே வையுங்கள். பித்தப்பைக் கல் இருந்தால், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து போட்டால், ஆபரேஷன் நாள் குறித்திருந்தால் வேண்டவே வேண்டாம். கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்நிறமானால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். இவ்வளவுக்கும், குர்குமின் தொற்றைத் தடுக்கும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை.

பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதத் துகளே சராசரியாக 150 நானோமீட்டர் அளவுதான், குர்குமினைப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்ட பால் போதும் என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவேன். "இப்படிப் பண்ணுனா கடை எப்படி ஓடும்" என்பார் என் வீட்டுக்காரர்.

லைப்போசோமல் சி, அதாவது நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைத்த வைட்டமின் சி, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண வைட்டமின் சி 200 மி.கி. வரை கிட்டத்தட்ட முழுக்க உறிஞ்சப்படும். ஒரு கிராமைத் தாண்டினால்தான் பாதிகூட உள்ளே போகாது. தினமும் எடுத்தால் சளி பிடிக்காமல் இருக்காது, பிடித்த சளி கொஞ்சம் சீக்கிரம் விடும். அதற்குப் பெரிய நெல்லிக்காய் போதுங்க. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதிக டோஸ் சி பக்கம் போகாதீர்கள்.

நானோ சில்வர், கொலாய்டல் சில்வர் என்று வெள்ளித் துகள் கலந்த திரவத்தை யாராவது குடிக்கக் கொடுத்தால் தொடாதீர்கள். எந்த நோய்க்கும் அது பாதுகாப்பானதாகவோ பலன் தருவதாகவோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1999-லேயே சொல்லிவிட்டது. தொடர்ந்து குடித்தால் தோல் சாம்பல் நீலமாகும். அந்த நிறம் போகாது.

கிட்னி மாற்றியவர்கள், முடக்குவாதம், லூபஸ் மாதிரி எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் இந்த வரிசையில் எதையும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

வாங்கும் முன் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். உணவுச் சப்ளிமென்ட் என்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். 'நானோ' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டு, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று பின்பக்கம் எழுதாத பாட்டில் நமக்கு வேண்டாம். குடிக்கிற திரவத்தை வெயிலிலும் ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். நன்றாகக் குலுக்கிய பிறகும் எண்ணெய் தனியாக மேலே மிதந்தால் குடிக்காமல், பில்லோடு வாங்கிய கடைக்கே எடுத்துப்போங்கள்.