ஸ்பின்னர் பொருத்துவது எப்படி? முதல் துளைக்கு முன் கூம்பின் முனை அசையாமல் சுழல வேண்டும்

புரொப்பெல்லரின் நடுப்பகுதியை மூடியபடி அதனுடனேயே சுழலும் கூம்புதான் ஸ்பின்னர். முதன்முறையாக விமானம் கட்டுபவர்களில் பலர் இதை ஓர் அழகு மூடி என்றே நினைத்துக் கடைசி வாரத்தில் அவசரமாகப் பொருத்துகிறார்கள். அந்த அவசரம் எனக்குக் கவலை தருகிறது. காரணம் எளிய கணக்கு. என்ஜின் நிமிடத்துக்கு 2,700 சுற்று ஓடும்போது ஸ்பின்னர் நொடிக்கு 45 முறை சுழல்கிறது. 13 அங்குல விட்டமுள்ள ஒரு கூம்பின் விளிம்பில் அப்போது உண்டாகும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 1,300 மடங்குக்கும் மேல். விளிம்பின் ஒரு பக்கத்தில் 10 கிராம் கூடிப்போனால், அது 13 கிலோ எடைக்கு நிகராக வெளியே இழுக்கும். ஒரு கிலோ எடையுள்ள கூம்பு மையத்திலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளி அமர்ந்தால் ஏறத்தாழ 8 கிலோ விசை, ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி, புரொப்பெல்லரைச் சுழற்றும் என்ஜின் தண்டான கிராங்க் ஷாஃப்டை உலுக்கும்.

ஆகவே இந்த வேலையின் உயிர் மையப்படுத்துவதில் இருக்கிறது. துளையிடுவது அதற்குப் பிறகுதான்.

இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானம். லைகமிங் என்ஜின், கோணம் மாறாத இரண்டு பிளேடு உலோகப் புரொப்பெல்லர், ஃபைபர் கிளாஸ் கூம்பு. அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டும் விமானங்களுக்கென உள்ள பரிசோதனை வகைப் பதிவில் இந்த வேலையைக் கட்டுபவரே செய்யலாம். செஸ்னா 172 போன்ற ஆலைத் தயாரிப்பு விமானத்துக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட உதிரிபாகமும் உரிமம் பெற்ற பொறியாளரும் வேண்டும்.

முதலில் பாதுகாப்பு

புரொப்பெல்லரைத் தொடும் ஒவ்வொரு முறையும், அது எந்தக் கணமும் சுழலக்கூடும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை; என்ஜின் சுழன்றாலே போதும். தரையிணைப்புக் கம்பி ஒன்று அறுந்திருந்தாலும் சுவிட்சை அணைத்த நிலையிலேயே பொறி உண்டாகும். சாவியை எடுத்துவிடுங்கள், எரிபொருள் கலவை நெம்புகோலை முழுவதும் பின்னால் இழுங்கள், சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எல்லா பிளக் கம்பிகளையும் விலக்கிவிடுங்கள். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு: அமுக்கம் இல்லாததால் புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்ற முடியும். பின்னால் அது மிகவும் தேவைப்படும்.

தட்டுகள்

கூம்பைத் தாங்குபவை இரண்டு வட்டத் தட்டுகள். பின்தட்டு என்ஜின் பக்கம், புரொப்பெல்லருக்குப் பின்னால் அமர்கிறது. முன்தட்டு புரொப்பெல்லருக்கு முன்னால், போல்ட் தலைகளின் அடியில் வருகிறது. பொருந்து பரப்புகளைத் துடைத்துச் சுத்தமாக்குங்கள். ஒரு துகள் உலோகச் சீவல் இடையில் சிக்கினாலும் தட்டு சாய்ந்துவிடும். போல்ட்களை எதிரெதிராக, படிப்படியாக இறுக்குங்கள். இறுதி முறுக்கு விசை புரொப்பெல்லர் தயாரிப்பாளர் தரும் எண்ணாகவே இருக்க வேண்டும். இணையத்தில் யாரோ சொன்ன எண் வேண்டாம். போல்ட்கள் கழலாமலிருக்கப் பூட்டும் கம்பியை எல்லாப் பொருத்தமும் முடிந்த பிறகே முறுக்குங்கள், ஏனெனில் இடையில் ஒருமுறையாவது கழற்ற வேண்டிவரும்.

கூம்பில் கோடு

கூம்பின் அகன்ற வாயை ஒரு சமதளமான மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். எங்காவது ஆடினால், பெரிய உப்புத்தாளை மேசையில் ஒட்டி அதன்மேல் தேய்த்துச் சமமாக்குங்கள். பிறகு ஒரு மரக்கட்டையின்மேல் பென்சிலை அசையாமல் கட்டி, அதை மேசையில் நகர்த்திக்கொண்டே கூம்பைச் சுற்றிக் கோடு வரையுங்கள். கூம்பைப் பின்தட்டுடன் பிணைக்கும் ஸ்குரூக்களின் துளைகள் வரவேண்டிய கோடு இது. விளிம்புக்கும் துளை மையத்துக்கும் இடையே ஸ்குரூ விட்டத்தைப் போல இரு மடங்காவது இருக்கட்டும்.

பிளேடுகளுக்கான வழி

கூம்பு முன்னாலிருந்து உள்ளே செல்ல வேண்டும் என்பதால், பின் விளிம்பிலிருந்து இரண்டு பிளவுகள் வெட்ட வேண்டும். முதல் வெட்டு தேவையைவிடச் சிறியதாகவே இருக்கட்டும். அட்டையில் மாதிரி வெட்டி பிளேடின்மேல் வைத்துப் பார்த்து, வடிவம் சரியானதும் கூம்புக்கு மாற்றுங்கள். வெட்டுங்கள், பொருத்திப் பாருங்கள், இடிக்கும் இடத்தை அரத்தால் தேயுங்கள், மறுபடி பொருத்துங்கள். பிளேடைச் சுற்றி கடைசியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதை இப்போதே எட்ட வேண்டாம். மூலைகளைக் கூர்மையாக விடாதீர்கள், வளைவாக்குங்கள். ஃபைபர் கிளாஸில் விரிசல் பிறப்பது கூர்மூலையில்தான். இந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடியும் கண்ணாடியும் அணியாமல் அரத்தை எடுக்காதீர்கள்.

மையப்படுத்துதல்

இங்கே நிதானமாக இருங்கள். ஒரு மாலைப்பொழுது முழுவதும் இதற்கே போனாலும் பரவாயில்லை.

கூம்பின் உட்புறம் முன்தட்டின் விளிம்பைத் தளர்வில்லாமல் பிடிக்க வேண்டும். தளர்வாக இருந்தால் தட்டின் விளிம்பில் மாஸ்கிங் டேப்பைச் சீராகச் சுற்றிச் சுற்றி நிரப்புங்கள். கூம்பை ஏற்றி, நான்கு இடங்களில் டேப்பால் பின்தட்டுடன் பிடித்துவையுங்கள். இப்போது விமானத்தின் முன் ஓர் ஏணியை நிறுத்தி, அதில் ஒரு குச்சியைக் கட்டி, அதன் நுனி கூம்பின் முனையைத் தொடும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். வேறொருவர் புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றட்டும். கூம்பு சாய்ந்திருந்தால் அதன் முனை சிறு வட்டமிடும். எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கத்தில் கூம்பின் பின் விளிம்பைச் சற்று முன்னோக்கி நகர்த்துங்கள். முனை மறுபக்கம் வரும். மீண்டும் சுற்றிப் பாருங்கள்.

முனையின் ஆட்டம் மொத்தமாக ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வரும்வரை டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். என்னைக் கேட்டால், அந்த ஒன்றரையும் அதிகம்தான். பொறுமை இருந்தால் பாதியாகக் குறைக்கலாம். குச்சியை அடுத்துப் பின் விளிம்புக்கு நகர்த்தி அங்கும் பாருங்கள். முனை நிலையாக இருந்து விளிம்பு மட்டும் ஆடினால், கூம்பில் குறையில்லை. பின்தட்டு மையம் விலகி அமர்ந்திருக்கிறது.

துளைகள்

உள்ளே இருக்கும் தட்டு விளிம்பை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்ணம் பூசாத ஃபைபர் கிளாஸ் வெளிச்சத்தை விடும். உள்ளே ஒரு டார்ச்சை வைத்தால் விளிம்பின் நிழல் வெளியே தெரியும். துளைகளின் இடைவெளிக்கு, கூம்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, பிளவுகளை விட்டுச் சம பாகங்களாகக் குறியுங்கள். முதலில் இரண்டரை மில்லிமீட்டர் துளை ஒன்று. அதில் தற்காலிகப் பிடிப்பானைச் செருகுங்கள். அடுத்தது அதற்கு நேர் எதிரே. ஒவ்வொன்றுக்கும் பின் முனையின் ஆட்டத்தைச் சோதியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு எட்டாம் எண் ஸ்குரூவுக்கு ஏற்ப 4.2 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்குங்கள். கழற்றுவதற்குமுன் கூம்பிலும் பின்தட்டிலும் ஒரே நேர்கோட்டில் அழியாத அடையாளமிடுங்கள். இனி எப்போதும் கூம்பு அந்த நிலையில்தான் ஏற வேண்டும். திருப்பி ஏற்றினால் மையமும் எடைச் சமநிலையும் போய்விடும்.

தட்டுகளில் பிளேட் நட்களை, அதாவது ஸ்குரூக்களை உள்ளிருந்து பிடிக்கும் நிலையான நட்களை, ரிவெட் செய்யுங்கள். பிளேடுகளுக்குப் பின்னால் திறந்து கிடக்கும் பிளவை அடைக்கும் சிறு துண்டுகளையும் இப்போதே பொருத்திவிட்டு, பிளேடு இடைவெளியை இறுதி அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்குரூக்களைக் கையால் மட்டுமே இறுக்குங்கள். ஸ்குரூ விரலாலேயே சுழலும் அளவுக்குத் தளர்ந்த பிளேட் நட் பூட்டும் தன்மையை இழந்தது, மாற்றுங்கள்.

என்ஜின் மூடியைப் பொருத்துவது இதற்குப் பிறகு. ஸ்பின்னருக்கும் மூடிக்கும் இடையே கால் அங்குலம் விடுங்கள். என்ஜினைத் தாங்கும் ரப்பர்கள் நாளடைவில் அமுங்கி மூக்கு சற்றே இறங்கும் என்பதால், தொடக்கத்தில் ஸ்பின்னர் மூடியைவிட ஒரு மயிரிழை உயர்ந்திருப்பது நல்லது.

வண்ணம் பூசிய பிறகு, அதிர்வுமானி கொண்டு எடைச் சமநிலை சரிபார்க்கும் ஒருவரிடம் விமானத்தைக் கொண்டுசெல்லுங்கள். வண்ணத்துக்கும் எடை உண்டு. முதல் தரை ஓட்டத்துக்குப் பிறகும் முதல் சில பறப்புகளுக்குப் பிறகும் ஒவ்வொரு ஸ்குரூவைச் சுற்றியுள்ள இடத்தையும் உற்றுப் பாருங்கள். கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே தட்டு உரசுகிறது. பிளவின் மூலைகளிலும் தட்டின் வளைவுகளிலும் விரிசல் தேடுங்கள். பின்தட்டில் விரிசல் கண்டால் அதன் நுனியில் துளை போட்டு ஒப்பேற்றாதீர்கள்; தட்டையே மாற்றுங்கள். விமானத்தை நகர்த்த உதவுகிறவர்களிடம், ஸ்பின்னரில் கை வைத்துத் தள்ளக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.