இணையத்தில் இலவசமாகப் பேச: குரல் உடையாமல் இருக்க என்ன செய்யலாம்?

வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், கூகுள் மீட் என எதில் பேசினாலும், இரு பக்கமும் அதே செயலி இருந்தால் அழைப்புக்குக் காசில்லை, டேட்டா மட்டும்தான் செலவு. செயலியிலிருந்து வெளிநாட்டில் உள்ள சாதாரண மொபைலுக்கோ லேண்ட்லைனுக்கோ அழைப்பது வேறு. அந்த அழைப்பைக் கொண்டு சேர்க்கும் தொலைபேசி நிறுவனத்துக்கு யாராவது பணம் கட்டியாக வேண்டும். ஆகவே ‘உலகில் எந்த எண்ணுக்கும் இலவசம்’ என்று சொல்லி, உங்கள் தொடர்புப் பட்டியல் முழுவதையும் கேட்கும் செயலிகளை நிறுவாதீர்கள். ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளில் அதன் பெயரைப் பார்த்தால் விட்டுவிடுங்கள்.

எந்தச் செயலி நல்லது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ஊரில் இருக்கும் பெரியவர்களின் போனில் ஏற்கெனவே எது இருக்கிறதோ அதுவே போதும். குரல் தெளிவாகக் கேட்பதும் உடைவதும் பெரும்பாலும் இணைய இணைப்பைப் பொறுத்தது.

முதலில் போனைச் சரிசெய்யுங்கள். செயலிக்கு மைக் அனுமதி இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் உங்களுக்கு அவர் பேசுவது கேட்கும், அவருக்கு நீங்கள் பேசுவது கேட்காது. அடுத்தது பேட்டரி. ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதி, பின்னணியில் இருக்கும் செயலிகளை உறங்க வைத்துவிடும். மணியே அடிக்காமல் ‘மிஸ்டு கால்’ மட்டும் பிறகு வருவதற்கு இதுதான் வழக்கமான காரணம். செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து ‘ஆட்டோஸ்டார்ட்’ போட்டு, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

டேட்டா எவ்வளவு ஆகும்? ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறை நொடிக்கு 32 கிலோபிட்டில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். குரல் ‘பாக்கெட்’ எனப்படும் சிறு சிறு துண்டுகளாகப் போகும். ஒவ்வொரு பாக்கெட்டும் 20 மில்லிசெகண்ட் குரலைச் சுமக்கும், அதாவது நொடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி விவரமாக 40 பைட் ஏறுவதால், ஒரு திசைக்கு மொத்தம் 48 கிலோபிட். போக வர இரண்டையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 43 எம்பி அளவில் வரும். ஒரு ஜிபியில் இருபது மணி நேரத்துக்கு மேல் பேசலாம். வீடியோவைப் போட்டால் இந்தக் கணக்கு நிற்காது, பல மடங்கு ஆகும். டேட்டா குறைவாக இருந்தால் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதிக்குப் போய் ‘யூஸ் லெஸ் டேட்டா ஃபார் கால்ஸ்’ என்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நொடிக்கு 48 கிலோபிட் என்பது மிகச் சிறிய அளவு. 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தும் குரல் உடைகிறதென்றால், கோளாறு வேகத்தில் இல்லை. பாக்கெட்டுகள் சீரான இடைவெளியில் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஒரு பாக்கெட்டை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கட்டளை பிங். கணினியில் அதை 8.8.8.8 என்ற கூகுள் சர்வர் முகவரிக்கு ஐம்பது முறை ஓடவிட்டுப் பாருங்கள். எல்லாம் 20, 25, 22 மில்லிசெகண்ட் என்று வந்தால் கவலையில்லை. 20, 180, 35, 400 என்று குதித்தாலோ, நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பதிலே வராமல் போனாலோ பேச்சு உடையத்தான் செய்யும்.

அப்படிக் குதிப்பதற்கு வீடுகளில் அதிகம் காண்பது இதுதான்: இன்னொரு போன் அப்போது போட்டோக்களை கூகுள் போட்டோஸில் ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு வரிசை நிரம்பி, உங்கள் குரல் பாக்கெட் அதன் பின்னால் நிற்கும். பேக்கப்பை நிறுத்திவிட்டு மறுபடி பிங் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ரூட்டரில் ‘கியூஓஎஸ்’ (எந்தப் பாக்கெட் முதலில் போக வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும்) வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோடு அளவை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள்.

பேக்கப் காரணமில்லையென்றால் வைஃபையைச் சந்தேகியுங்கள். ரூட்டர் இருக்கும் அறையிலேயே பேசுகிறீர்களென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை நல்லது. இரண்டு சுவர் தாண்டினால் 2.4 தான் எட்டும். அடுக்குமாடியில் 2.4-இல் பக்கத்து வீட்டு ரூட்டர்களின் நெரிசல் இருக்கும். ரூட்டர் செட்டிங்ஸில் சேனலை (அந்த அலைவரிசையின் உட்பிரிவு) 1, 6, 11 ஆகிய மூன்றில் எது காலியோ அதற்கு மாற்றுங்கள், இடைப்பட்ட எண்கள் இரு பக்கத்தோடும் மோதும். நடந்துகொண்டே பேசி வைஃபை எல்லைக்கு வெளியே போனால் மொபைல் டேட்டாவுக்கு மாறும் நேரத்தில் சில நொடி குரல் போகும். வெளியே கிளம்பப் போகிறீர்கள் என்றால் வைஃபையை அணைத்துவிட்டு அழைப்பதே மேல்.

எதிரொலி விஷயத்தில் பலரும் தங்கள் போனையே குறை சொல்கிறார்கள். உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பக் கேட்டால் கோளாறு எதிர்முனையில்: அவருடைய ஸ்பீக்கர் சத்தம் அவருடைய மைக்குக்குள் போகிறது. அவரை ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது இயர்போன் மாட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்குப் பேசும்போது வரும் தாமதம் மட்டும் எதனாலும் தீராது. பாக்கெட் போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆவது இயல்பு. பேசி முடித்து ஒரு கணம் விட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

துபாய், அபுதாபியில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. அது கோளாறு இல்லை, அந்நாட்டுக் கட்டுப்பாடு. அங்கே அனுமதி பெற்ற செயலிகள் உண்டு, போட்டிம் அவற்றில் ஒன்று. விபிஎன் போட்டு தடையைத் தாண்டப் பார்ப்பது அங்கிருப்பவரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடலாம். தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.

வீட்டுக்குள் சிக்னலே இல்லை, ஆனால் வைஃபை இருக்கிறது என்றால் போன் செட்டிங்ஸில் ‘வைஃபை காலிங்’ போடுங்கள். இது செயலி இல்லை. உங்கள் சொந்த எண்ணிலிருந்தே, வழக்கமான டயலரில், எந்த எண்ணுக்கும் அழைக்கலாம். ரீசார்ஜ் திட்டத்தில் உள்ள நிமிடங்களிலேயே இதுவும் கழியும். விடுதி, அலுவலக வைஃபையில் இது வேலை செய்யாவிட்டால், யுடிபி 500, 4500 போர்ட்களை அங்கே அடைத்திருக்கக்கூடும். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த இரண்டு எண்களைச் சொன்னால் போதும். 108, 112 போன்ற அவசர எண்களுக்கு வாட்ஸ்அப்பிலிருந்து அழைக்க முடியாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவசரத்துக்குத் தொட வேண்டியது போனின் சாதாரண டயலரைத்தான் என்று இப்போதே காட்டி வையுங்கள்.