கண்டியூட் பெண்டருக்குக் கழற்றி மாட்டும் கைப்பிடி செய்வது எப்படி

வயரிங் போகும் கண்டியூட் குழாயை வளைக்கும் கை பெண்டரின் ஹெட் (குழாயைப் பிடித்து வளைக்கும் அடிப்பாகம்) சின்னதுதான், பைக்குள் போய்விடும். தொல்லையெல்லாம் அந்த ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியால்தான். பைக்கில் கொண்டுபோக முடியாது, படிக்கட்டில் திரும்பும்போது சுவரில் இடிக்கும். அதை இரண்டாக அறுத்துக் கழற்றி மாட்டும்படி செய்துகொள்ளலாம், பெரிய வேலை இல்லை. ஆனால் இணைப்பை நினைத்த இடத்தில் நினைத்தபடி போட்டால் ஒரு மாதத்தில் கோணிவிடும். அரை இஞ்ச் கண்டியூட்டுக்கான பெண்டரை வைத்துச் சொல்கிறேன். அதற்குப் பெரும்பாலும் முக்கால் இஞ்ச் இரும்பு பைப்தான் கைப்பிடி.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கப்ளிங். பைப்பை நடுவில் அறுத்து, இரண்டு முனையிலும் மரை போட்டு, ஒரு சாக்கெட்டால் சேர்த்துவிட்டால் முடிந்தது என்று. நானும் அப்படித்தான் செய்தேன். சில வாரத்தில் கப்ளிங்குக்கு வெளியே தெரிந்த முதல் மரையிலேயே பைப் மடங்கி, மேல்முனை ஒரு விரல் அகலம் விலகி நின்றது. காரணம் எளிது. முக்கால் இஞ்ச் ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனைக் குறிக்கும் வகை) பைப்பின் சுவர் 2.87 மி.மீ.; அதில் மரை வெட்டினால் ஏறக்குறைய 1.4 மி.மீ. போய்விடுகிறது. பாதிச் சுவர்தான் மிச்சம், அதிலும் மரையின் பள்ளம் விரிசலை வா வா என்று கூப்பிடும். போதாததற்கு இது டேப்பர் மரை, அதாவது நுனியை நோக்கிக் குறுகும் மரை, ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் வேறு வேறு இடத்தில் நிற்கும், நாளாக நாளாகத் தேய்ந்து இளகும்.

சரி, எவ்வளவு பலம் தாங்க வேண்டும் என்று பார்ப்போம். தரையில் வைத்து வளைக்கும்போது வேலையைச் செய்ய வேண்டியது ஹெட்டை மிதிக்கும் கால்தான், கை துணைக்கு. இருந்தாலும் யாராவது ஒருநாள் காலை எடுத்துவிட்டுக் கையாலேயே இழுப்பார்கள். கைப்பிடியின் நுனியில் 20 கிலோ இழுப்பு என்று வைத்தால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் ஹெட்டின் அருகே வளைக்கும் விசை சுமார் 200 நியூட்டன் மீட்டர். மேலே போகப் போக அது குறையும், கை பிடிக்கும் இடத்தில் பூஜ்யம். ஆகவே இணைப்பு ஹெட்டைவிட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு நல்லது. அதற்காக மேலே கொண்டுபோய் வைத்தால் கீழ்த்துண்டு நீளமாகி, அறுத்ததற்கே அர்த்தமில்லாமல் போகும்.

நான் கீழ்த்துண்டை 40 செ.மீ., மேல்துண்டை 60 செ.மீ. என்று பிரிக்கிறேன். கீழ்த்துண்டை ஹெட்டிலிருந்து கழற்றவே மாட்டேன் என்பதால் ஹெட்டின் நீளமும் அதோடு சேரும், அப்போது இரண்டு பாகமும் பைக்குள் ஏறக்குறைய ஒரே நீளமாக வரும். கழற்றாமல் விடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஹெட் அலுமினியமாக இருந்தால் தினமும் முறுக்கிக் கழற்றினால் அதன் மரை போய்விடும். (மரை என்றதும் ஒன்று: முக்கால் இஞ்சில் அமெரிக்க மரையான என்பிடியும் பிரிட்டிஷ் மரையான பிஎஸ்பியும் இரண்டுமே இஞ்சுக்கு 14 சுற்று, ஆனால் ஒன்றின் மரைக்கோணம் 60 டிகிரி, மற்றதன் கோணம் 55. தொடக்கத்தில் ஏறுவதுபோல ஏமாற்றும். ஹெட் எந்த மரை என்று பார்க்காமல் புது பைப்பை முறுக்காதீர்கள்.) மூன்று துண்டாக வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். இரண்டு இணைப்பு என்றால் ஆட்டமும் இரண்டு மடங்கு, கீழ் இணைப்பும் ஹெட்டுக்குப் பக்கத்தில், விசை அதிகமான இடத்தில் வந்து விழும்.

இப்போது இணைப்புக்கு வருவோம். பைப்புக்குள் செருகும் உள்தண்டு, திடமான மைல்ட் ஸ்டீல் கம்பியில். 60 செ.மீ. தூரத்தில் அதே 20 கிலோ இழுத்தால் இணைப்பில் 120 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வரும். மரை போட்ட பைப்பில் இது சுமார் 225 மெகாபாஸ்கல் அழுத்தம். சாதாரண மைல்ட் ஸ்டீல் 250 வாக்கில் நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும் என்பதால் இழுப்பு 25 கிலோவானாலே கதை முடிந்தது. அதே விசை 20.6 மி.மீ. திடக் கம்பியில் சுமார் 140தான்.

கடையில் கிடைக்கும் 20 மி.மீ. கம்பியை அப்படியே செருகிவிடலாமே என்று தோன்றும். பைப்பின் உள்விட்டம் 20.93. இடைவெளி 0.9 மி.மீ. தானே என்று விட்டால், 80 மி.மீ. உள்ளே போன தண்டில்கூடக் கைப்பிடியின் நுனி 6, 7 மி.மீ. ஆடும். பாதி பேர் வளைவின் கோணத்தைக் கைப்பிடியைப் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள்; அது செங்குத்தாக வந்தால் 30 அல்லது 45 டிகிரி, ஹெட்டைப் பொறுத்து. கைப்பிடி ஆடினால் அந்தக் கணக்கும் ஆடும். அதனால் 22 மி.மீ. கம்பியை லேத்தில் கொடுத்து, துளையைவிட 0.15 முதல் 0.2 மி.மீ. குறைவாகக் கடையுங்கள். நுனியின் ஆட்டம் ஒன்றரை மி.மீ.க்குள் வந்துவிடும்.

கடைவதற்கு முன்னால் பைப்பின் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு மேடு தட்டும், அது வெல்டிங் தையல். அதை உருண்டை அரத்தால் 10 செ.மீ. ஆழம்வரை ராவி எடுத்துவிட்டு, அப்புறம் அளந்து, அந்த அளவை லேத்காரரிடம் கொடுங்கள். புத்தக அளவைக் கொடுத்தால் தண்டு உள்ளே போகாமல் சுத்தியலைத் தேட வேண்டியிருக்கும்.

தண்டின் மொத்த நீளம் 160 மி.மீ., ஒவ்வொரு பக்கமும் 80. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 மி.மீ. மட்டும் உள்ளே போனால், அந்த 120 நியூட்டன் மீட்டரைத் தாங்க பைப்பின் விளிம்பு 400 கிலோ அளவுக்கு அமுக்கப்படும், வாய் விரிந்துகொண்டே போகும். 80 என்றால் 150 கிலோவோடு நிற்கும். நுழையும் முனையில் 2 மி.மீ. சரிவு கொடுத்துவிட்டால் இருட்டிலும் சட்டென்று மாட்டலாம்.

தண்டை எந்தத் துண்டில் நிரந்தரமாக வைப்பது? கீழ்த்துண்டில், மேலே நீட்டிக்கொண்டு நிற்கும்படி. மாற்றி வைத்தால் கீழ்த்துண்டின் வாய் வானம் பார்த்து நிற்கும், சிமெண்ட் தூள், மணல், துருவல் எல்லாம் அதற்குள் போய் உட்காரும். நீட்டிய தண்டு அடிபடாமல் இருக்க ரப்பர் ஹோஸ் துண்டு ஒன்றைப் போட்டு மூடினால் போதும். தண்டைப் பிடிக்க பைப்பின் இரண்டு பக்கவாட்டிலும் துளை போட்டு, அந்தத் துளைக்குள் வெல்ட் வைத்து நிரப்புங்கள். பைப்பின் வாயைச் சுற்றி வெல்ட் வைக்க வேண்டாம், இரண்டு பைப்பின் முனைகளும் ஒன்றோடொன்று முழுசாக உட்கார வேண்டும். ஜிஐ பைப் என்றால் துத்தநாகப் பூச்சை முதலில் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள், அதன் புகையைச் சுவாசித்தால் சாயந்திரம் காய்ச்சல் வரலாம்.

முனைகள் உட்கார வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பெண்டரைத் தலைகீழாக நிறுத்தி, கைப்பிடியின் நுனியைத் தரையில் ஊன்றி, கண்டியூட்டை மேலிருந்து கையால் அமுக்கி வளைப்போம் அல்லவா, அப்போது முழு எடையும் கைப்பிடி வழியாகத் தரைக்கு இறங்கும். முனைகள் சதுரமாக, நேராக இருந்தால் அந்த எடை பைப்பிலிருந்து பைப்புக்குப் போகும். இல்லாவிட்டால், இரண்டு துண்டையும் பூட்டக் குறுக்கே செருகும் ‘பின்’ (pin) அந்த எடையைத் தாங்க வேண்டியிருக்கும். பின்னுக்கு அந்த வேலை கிடையாது. இரண்டு துண்டும் சுழலாமல், கழன்று வராமல் பிடித்துக்கொண்டால் போதும். பின் இல்லாமல் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், ஹெட் நேராகக் காலில்தான் விழும்.

பின்னின் துளை எந்தப் பக்கம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கைப்பிடி முன்னும் பின்னுமாக வளையும்போது அதன் முன்பக்கமும் பின்பக்கமும்தான் இழுபடும், அமுங்கும். பக்கவாட்டில் அழுத்தம் மிகக் குறைவு. ஆகவே துளை இடமிருந்து வலமாகப் போக வேண்டும், இணைப்பிலிருந்து 50 மி.மீ. மேலே. கீழ்த்துண்டை ஹெட்டில் கடைசிவரை முறுக்கிய பிறகே மேல்துண்டைச் செருகித் துளையைக் குறியுங்கள். முறுக்குவதற்கு முன்னால் குறித்தால் டேப்பர் மரை எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. குறிக்கும்போது மேல்துண்டைச் சுழற்றி, அதன் தையலும் பக்கவாட்டுக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். தண்டில் 6 மி.மீ. துளை, பைப்பில் 6.5. தலையில் வளையம் உள்ள லாக் பின் ஒன்றைச் சின்ன கம்பிக் கயிற்றால் கீழ்த்துண்டோடு கட்டிவிடுங்கள். விங் நட் வேண்டாம், இரண்டாம் நாளே தொலையும். மேல்முனையை மூடி போட்டு அடைப்பதாக இருந்தால் அதில் சின்னத் துளை ஒன்று விடுங்கள், இல்லையென்றால் உள்ளே சிக்கிய காற்று தண்டை லேசாக எதிர்த்துத் தள்ளலாம்.

ஒரு இஞ்ச் கண்டியூட்டுக்கான பெண்டர் என்றால் விசை அதிகம், உள்தண்டோடு வெளியே ஒரு உறையும் போடலாம் என்று தோன்றும். முக்கால் இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 26.67, ஒரு இஞ்ச் ஷெட்யூல் 40 பைப்பின் உள்விட்டம் 26.64. பார்த்தால் பொருந்தும் போலவே இருக்கும், 0.03 மி.மீ.யில் கை விரிக்கும். உள்ளே லேசாகக் கடைந்தால்தான் ஏறும்.

எல்லாம் முடிந்ததும், கண்டியூட் இல்லாமல் ஹெட்டை ஒரு கனமான பொருளுக்கு அடியில் சிக்கவைத்து, நுனியில் தராசு மாட்டி 25 கிலோவரை இழுங்கள். விட்ட பிறகு கைப்பிடியின் நீளத்துக்கு நூலைப் பிடித்துப் பார்த்தால் கோணல் இருந்தால் தெரிந்துவிடும். இணைப்பின் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, வேண்டாத கண்டியூட் துண்டுகளைத் தரையில் நாலு, தலைகீழாக நாலு என்று 90 டிகிரிக்கு வளையுங்கள். கோடு விலகியிருந்தால் பின் துளை பெரிசாகிக்கொண்டிருக்கிறது, அடுத்த அளவு பின்னுக்குத் துளையைச் சுத்தமாக விரித்துவிடுங்கள்.